மூன்று தரம் கூப்பிட வேண்டும்

அவரை நாங்கள் அன்ரி என்றுதான் கூப்பிட்டோம். அதையும் மூன்று தரம் கூப்பிட வேண்டும். முதல் தரம் கூப்பிட்டால் அவர் அசைய மாட்டார். இரண்டாம் தரத்துக்குச் செய்துகொண்டிருக்கும் வேலையில் கை ஒருகணம் நிற்கும். மூன்றாம் தரம் கூப்பிட்டபின் அப்போதுதான் கேட்டவர்போலத் திரும்பி, "ஓம், சொல்லும்" என்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நானும் மனைவியும் மெல்பேர்ணுக்கு வந்து, கிளென் வேவர்லியில் அவர் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்து நடந்து போகலாம். வேலிக்கு அப்பால் அப்போது பழத்தோட்டங்கள் மிச்சம் இருந்தன. அன்ரிக்கு ஐம்பது வயது இருக்கும். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் படிப்பித்தார். பருத்திச் சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற தடித்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தானே காரை ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவார். தனியாக இருந்தார். கணவர் என்று ஒருவர் இருந்தாரா என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை.

வந்த முதல் நாள் பின்னேரம் மனைவி குசினி வாசலில் நின்று, அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று கேட்டிருக்கிறாள். அன்ரி முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தபடியே இருந்திருக்கிறார். அவள் அறைக்குத் திரும்பி வந்து கட்டிலில் இருந்தாள்.

"அவவுக்கு எங்களைப் பிடிக்கேல்லைப் போல."

"காது கேக்காதாக்கும்."

"கேட்டது. அவவின்ர கையில கத்தி நிண்டது, நான் பாத்தனான்."

இரவில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்கு ஏன் என்று கேட்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கெட்டது ஒருதரம்தான் கூப்பிடும், திரும்பக் கூப்பிட அதற்கு ஏலாது என்பது நம்பிக்கை. நாங்களும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் பெரியவர்களானதும் விட்டுவிட்டோம். அன்ரி விடவில்லை. இரவுக்குச் சொன்னதைப் பகலுக்கும் வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்குச் சொன்னதை மெல்பேர்ண் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவந்திருந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இதனால் ஒரு பெரிய கூத்து நடந்திருக்கிறது. பிள்ளைகள் "மிஸ், மிஸ்" என்று கை உயர்த்திக் கத்தியும் இவர் கரும்பலகையிலிருந்து திரும்பாததைப் பார்த்த அதிபர், செவிப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்களாம். ஒவ்வொரு சத்தமும் மூன்றாம் முறை வந்த பிறகுதான் அன்ரி அழுத்தினார். பரிசோதித்த பெண் குழம்பிப்போய்க் கடைசியில் காகிதம் கசங்குகிற சத்தம்போல ஒன்றை வைத்து, "இது கேட்கிறதா?" என்று திரும்பத் திரும்ப வாயால் கேட்டாளாம். "அது மட்டுமில்லை, பக்கத்து அறையில ஒருத்தர் வயித்து நோவைப் பற்றிச் சொல்லுறதும் கேக்குது எண்டனான்" என்று அன்ரி எங்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார்.

ரெலிபோன் மணி அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்து ஓய்ந்து, மூன்றாம் முறை அடித்தால்தான் எடுப்பார். தெரிந்தவர்கள் அதற்கேற்ப மூன்று முறை அடித்தார்கள். விருந்துகளில் "சாப்பிட வாங்கோ" என்று ஒருதரம் சொல்லிவிட்டுப் போகிற வீட்டுக்காரிகள் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள். தான் மற்றவர்களைக் கூப்பிடும்போதும் அவர் ஒருநாளும் ஒருதரம் கூப்பிட்டதில்லை. "பிள்ளை, பிள்ளை, பிள்ளை" என்று மெதுவாக, ஒரே அளவில் என் மனைவியைக் கூப்பிடுவார். அவளுக்குக் காய்ச்சல் வந்து கிடந்த நாட்களில் அந்தக் குரல் கேட்டாலே பாதி சுகம் வந்துவிடுகிறது என்று சொல்லியிருக்கிறாள். ஏன் இப்படி என்று அவள்தான் ஒருநாள் கேட்டாள்.

"ஒருதரம் கூப்பிட வாய் தேவையில்லை, பிள்ளை" என்றார் அன்ரி. "மூண்டு தரம் கூப்பிடுறதெண்டால் உயிர் வேணும்."

ஓகஸ்ட் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கியதும் அவர் மீன் பிடிக்கப் போய்விடுவார். நகரத்திலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓடினால் மலைநாட்டில் மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கிய ஒரு பெரிய ஏரி வரும். குளிர்காலக் கடைசியில் அதன் குடாக்களும் கரையோரமும் உறைந்து கிடக்கும். நடுத் தண்ணீர் கறுப்பாக, திறந்தே இருக்கும். அந்தப் பனித்தட்டு உடையத் தொடங்குகிற நாட்களில் ட்ரவுட் மீன் முட்டையிடக் கரைப்பக்கம் வரும். முதல் விடுமுறைக்கே எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஏரிக்கரையில் வாடகைக்கு விடுகிற மரக்குடிசைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர், அணை கட்டின காலத்தில் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் காரைக் கண்டதும் தூரத்தில் நின்று, "மிஸிஸ், மிஸிஸ், மிஸிஸ்" என்று கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. விறகு கட்டித் தரும்போது என்னிடம் சொன்னார்: "பனி உடைகிற நேரம் இங்கே வருகிறவர்களில் நான் கவலைப்படாத ஒரே ஆள் இவள்தான். மற்றவர்கள் எழும்பிப் போய்விடுகிறார்கள்."

எங்கே போய்விடுகிறார்கள் என்று நான் கேட்டேன். அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

காலையில் அன்ரியும் நானும் கரையில் இருந்தோம். அன்ரி சேலை உடுத்தியிருக்கவில்லை. காற்சட்டை, முழங்கால்வரை ரப்பர்ச் சப்பாத்து, தலையைச் சுற்றி மப்ளர். கயிற்றில் கட்டிய கல்லை எறிந்து பனித்தட்டை உடைத்து, திறந்த இடத்தில் தூண்டிலைப் போட்டார். அவித்த தேயிலைச் சக்கைக்குள் மண்புழுக்களை வைத்து ஒரு தகர ரின்னில் கொண்டுவந்திருந்தார். தூண்டிற்கோலின் வளையங்களில் பனி கட்டி, நூல் ஓடாமல் நின்றுவிடும். அப்போது கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுக்க வேண்டும். அதை எனக்குக் காட்டித் தந்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார்.

உறைந்த ஏரி சும்மா கிடக்காது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெயில் ஏற ஏறப் பனித்தட்டு முனகியது. இறுக்கிய கம்பியைச் சுண்டியதுபோல ஒரு சத்தம் குடாவின் அந்தக் கரைக்கு ஓடிப்போகும். பிறகு யாரோ கதவை இழுத்துச் சாத்தியதுபோல இன்னொன்று. அவற்றுக்கு நடுவில், மிகத் தெளிவாக, என் மனைவியின் குரலில் கேட்டது:

"இஞ்சருங்கோ."

அவள் என்னைக் கூப்பிடுகிற விதம் அதுதான். நான் எழும்பப் பார்த்தேன். அன்ரி தன் கண்ணைத் தூண்டிலிலிருந்து எடுக்காமலே, வலது காலை நீட்டி என் மேற்சட்டையின் நுனியை மிதித்தார்.

"இரும் தம்பி. இன்னும் ரெண்டு தரம் கிடக்கு."

நான் இருந்துவிட்டேன். குரல் வந்த பக்கம் குடிசைப் பக்கமல்ல என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அது நேர் முன்னால், குடாவின் நடுவிலிருந்து வந்திருந்தது. அங்கே பனித்தட்டும் அதற்கு அப்பால் கறுத்த தண்ணீரும்தான். இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. நெடுநேரம் காத்திருந்தோம். அன்ரியின் கோல் வளைந்தது. ஒரு மீனை இழுத்துக் கரையில் போட்டார்.

குடிசையில் மனைவி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "நான் ஏன் உங்களைக் கூப்பிடப்போறன்?" என்றாள். அன்ரி யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு மீன் குழம்பு வைத்தார். மணத்துக்குக் கிழவரும் வந்து ஒரு கோப்பையில் வாங்கிக் குடித்தார். பனி வெடிக்கிற சத்தத்தைக் குரலென்று நினைத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சுற்றிலும் எத்தனையோ மைல்களுக்குத் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்த இடத்தில், அந்தப் பனித்தட்டு யாழ்ப்பாணத்துப் பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியல்லவா கூப்பிட்டது.

அடுத்த வருடமும் போனோம். மனைவிக்கு மீன்பிடி பிடித்துப்போயிருந்தது. இந்த முறை பருவம் கொஞ்சம் முந்திவிட்டது. வழியெல்லாம் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. குடாவில் பனி உடைந்து, கரையோரம் மட்டும் ஒரு விளிம்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் பெய்த மென்பனி அதை மூடியிருந்ததில் எது தரை, எது தட்டு என்று தெரியவில்லை.

நான் மண்ணெண்ணெய் வாங்கப் பக்கத்துச் சிறுநகரத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து சரிவில் இறங்கும்போது இருவரையும் பார்த்தேன். அன்ரி வழக்கம்போல நிமிர்ந்து, ஏரியைப் பார்த்தபடி ஒரு கல்லில் இருந்தார். அவருக்குப் பின்பக்கமாக, கரை வளைகிற இடத்தில் மனைவியின் சிவப்புக் கம்பளித் தொப்பி தெரிந்தது. அது தரையோடு தரையாகத் தெரிந்தது. ஒரு ஆள் இருக்கக்கூடிய உயரத்தில் அது இல்லை.

நான் ஓடினேன். எண்ணெய்க் கலன் எங்கே விழுந்தது என்று தெரியாது. "அன்ரி" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. மனைவி மார்புவரை தண்ணீருக்குள், இரு கைகளையும் பனி விளிம்பில் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. "அன்ரி." கல்லில் இருந்தவரின் தோள் அசைந்தது. "அன்ரி."

மூன்றாவதற்குத் திரும்பினார்.

திரும்பியபின் அவர் செய்ததை நான் மறக்க முடியாது. நான் இன்னும் பாதித் தூரத்தில் இருக்கும்போதே அவர் அங்கே போய்விட்டார். பனியில் குப்புறப் படுத்து, தூண்டிற்கோலின் தடித்த பக்கத்தை நீட்டி, "பிடி பிள்ளை, பிடி பிள்ளை, பிடி பிள்ளை" என்று அதே அளவான குரலில் சொன்னார். அவள் விரல்கள் மடங்கவில்லை. அன்ரி இன்னும் முன்னால் ஊர்ந்து அவளுடைய மேற்சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். நான் அன்ரியின் கால்களைப் பிடித்து இழுத்தேன். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராகக் கரையில் கிடந்தோம்.

குடிசையில் அடுப்புக்கு முன்னால், இருக்கிற கம்பளமெல்லாம் போர்த்தி மனைவியை இருத்தினோம். அவளுக்கு நடுக்கம் ஓரளவு அடங்கிய பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

"அவள் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கேல்லையா?"

அன்ரி ஈரச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். "கேட்டது."

"கேட்டு?"

"ஒருக்காத்தான் கேட்டது, தம்பி."

"தண்ணிக்குள்ள கிடக்கிறவள் மூண்டு தரம் கூப்பிட்டுக்கொண்டு இருப்பாளே? உங்கட பைத்தியத்துக்கு என்ர மனிசியைச் சாகவிடப் பாத்தனீங்கள்."

கம்பளத்துக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்:

"நான் கூப்பிடேல்லை."

இருவரும் அவளைப் பார்த்தோம்.

"விழுந்த உடன மூச்சு அடைச்சுப்போட்டுது. வாயைத் திறந்தனான், ஒண்டும் வரேல்லை. கடைசிவரைக்கும் வரேல்லை."

"இல்லைப் பிள்ளை" என்றார் அன்ரி. "உம்மட குரல்தான். 'அன்ரி' எண்டது. எனக்கு நல்லாக் கேட்டது."

"ஓம். என்ர குரல்தான்." மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கும் கேட்டது. எனக்குப் பின்னால, தண்ணிப் பக்கம் இருந்து கேட்டது."

அடுப்பில் விறகு சரிந்தது. அன்ரி குனிந்து ஈரச் சப்பாத்தைக் கழற்றினார்.

"உம்மைத் தண்ணிக்குள்ள இருந்து எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கு" என்றார். பிறகு, எங்களிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், "அப்ப இவ்வளவு காலமும்" என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

அடுத்த நாள் திரும்பி வந்தோம். பாதி வழியில் மனைவி பின் இருக்கையிலிருந்து, கார்க் கண்ணாடியை மூடச் சொல்வதற்காக, "அன்ரி" என்றாள். கார் ஒருமுறை குலுங்கியது. "என்ன பிள்ளை, என்ன?" என்று அன்ரி சட்டென்று திரும்பிக் கேட்டார். ஒருதரம் கூப்பிட்டு அவர் திரும்பி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் முறை. மனைவி அழத் தொடங்கினாள். எதற்கு அழுதாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் வீட்டில் இருப்பது கஷ்டமாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரி நாயைக் கூப்பிட்டால் அன்ரி எழுந்து வாசலுக்குப் போவார். தண்ணீர் கொதித்துக் கேத்தில் சீறினால், ரயில் ஊதினால், "ஓம், வாறன்" என்பார். வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டாலும் போய்ப் பக்கத்தில் நிற்கிறாராம். ரெலிபோன் அடிக்க முன்னரே கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன். அவர் முகம் ஒடுங்கிப்போனது. இரவில் நித்திரை கொள்கிறாரா என்றே தெரியவில்லை. வருட முடிவில், இடமாற்றம் கேட்டு ஏரிப் பக்கத்துச் சிறுநகரப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். நாங்களும் வேறு இடத்தில் ஒரு ஃப்ளாட் எடுத்தோம்.

அடுத்த குளிர்காலக் கடைசியில் அவரைப் பார்க்கப் போனோம். மனைவிதான் போக வேண்டும் என்று நின்றாள். ஏரிக்கு மேலே சரிவில் ஒரு சிறிய வீடு. அந்தக் குளிரிலும் கதவு அகலத் திறந்து கிடந்தது. நான் கார்க் கதவைச் சாத்தக்கூட இல்லை. "வாறன், வாறன்" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தார். காற்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. தோளில் ஒரு கயிற்றுச் சுருள். எங்களைக் கண்டதும் நின்றார்.

"நீங்களோ" என்றார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் தூண்டிற்கோல் ஒன்றையும் காணவில்லை. கயிறுகள்தான் இருந்தன, ஆணிகளில் வரிசையாக. எங்களோடு வந்து சேர்ந்த குடிசைக்காரக் கிழவர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். போன மாதம் குடாவின் அந்தப் பக்கத்தில் மீன்பிடிக்க வந்த ஒருவன் பனிக்குள் விழுந்தானாம். அவன் விழுந்தது ஒருவருக்கும் தெரியாது. கத்தவும் இல்லையாம். அன்ரி எங்கிருந்தோ ஓடிப்போய்க் கயிற்றைப் போட்டு இழுத்துவிட்டார்.

"நல்லதுதானே" என்றேன்.

"அது ஒருநாள்" என்றார் கிழவர். "மற்ற நாட்களிலும் ஓடுகிறாள். அங்கே ஒருவரும் இல்லை. இடுப்புவரை இறங்கித் தேடுகிறாள். நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. நீ சொன்னால் கேட்பாள்."

உள்ளே போய்ச் சொன்னேன். எங்களோடு வந்து கொஞ்ச நாள் இருக்கலாம், வைத்தியரிடம் காட்டலாம் என்றேன். அன்ரி பொறுமையாகக் கேட்டார்.

"வரலாம் தம்பி. ஆனா இஞ்ச கூப்பிட்டால் ஆர் போறது?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை, அன்ரி. அது பனி வெடிக்கிற சத்தம்."

"முந்தி நானும் அப்பிடித்தான் இருந்தனான்" என்றார். "எத்தினை வருஷம். கேட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல். எத்தினை பேரோ தெரியாது."

தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். பேச்சை மாற்றி, மனைவியின் வேலையைப் பற்றி விசாரித்தார். பழையபடி வாயைப் பொத்திக்கொண்டு ஒருதரம் சிரிக்கவும் செய்தார். வெளியே வெயில் ஏறியிருந்தது. ஏரி முனகத் தொடங்கியது. கம்பி சுண்டுகிற சத்தம், பிறகு கதவு சாத்துகிற சத்தம். நான் கோப்பையைப் பிடித்தபடி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறொன்றும் இல்லை.

அன்ரி எழுந்தார். "ஓம், வாறன்" என்று வெளியே பார்த்துச் சொன்னார். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தார். அவர் வாசலைத் தாண்டும்போது, எனக்குப் பக்கத்துக் கதிரை பின்னால் தள்ளப்பட்டது. என் மனைவி எழுந்து நின்றாள். கோப்பையை மேசையில் வைத்தாள். இன்னொரு ஆணியிலிருந்து இன்னொரு கயிற்றை எடுத்துக்கொண்டு, என்னைப் பாராமல், அவருக்குப் பின்னால் ஓடினாள்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். இருவரும் சரிவில் இறங்கிக் கரையோரமாகக் குடாவைச் சுற்றி ஓடினார்கள். ஒரே இடத்துக்குத்தான் ஓடினார்கள். ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமலே அந்த இடத்தில் நின்று, பனித்தட்டுக்கு அப்பால் கறுத்த தண்ணீரைப் பார்த்தார்கள். அங்கே ஒருவரும் இல்லை. ஒரு அசைவும் இல்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு மெதுவாக ஏறி வந்தார்கள்.

அன்றே புறப்பட்டோம். அன்ரி வரவில்லை. மலையிலிருந்து இறங்குகிற பாதையில் மனைவி என்னிடம் கேட்டாள்:

"உங்களுக்கு உண்மையா ஒண்டும் கேக்கேல்லையா?"

"இல்லை" என்றேன். "என்ன கேட்டது?"

அவள் ஈரச் சப்பாத்தைக் கழற்றிக் காலடியில் வைத்தாள். கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவிட்டாள். குளிர்காற்று முகத்தில் அடித்தது. மூடச் சொன்னேன். மெல்பேர்ண் வந்து சேரும்வரை அவள் அதை மூடவில்லை.